ஜெராய் மலை ஏறத் திட்டமா? கடாரத்துக் கதையோடு மழைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்

கரங்கான்: பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், கூலிம், கரங்கான், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஜெராய் மலைக்குப் போகலாம் என்ற பேச்சு தொடங்கிவிடும். வாட்சாப்பில் ஒரு குழு, இரண்டு வேன், ஆளுக்கு இவ்வளவு என்று வசூல், விடியற்காலையில் புறப்பாடு. பல குழுக்களின் திட்டம் அதோடு முடிந்துவிடுகிறது. எத்தனை மணிக்குத் திரும்புவது, மேலே மழை பிடித்தால் என்ன செய்வது, நடக்க முடியாமல் போனவரை யார் கூட்டி வருவது போன்ற கேள்விகள் மலையடிவாரத்தில் நிற்கும்போதுதான் வருகின்றன. சில சமயம் அங்கேயும் வருவதில்லை.

ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். கெடாவிலேயே உயரமான மலை இதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. பேராக் எல்லையில் இருக்கும் குனோங் பிந்தாங் இதைவிட உயரம். ஆனால் பிந்தாங் மற்ற மலைகளோடு கூட்டமாக நிற்கிறது. ஜெராய் தனியாக நிற்கிறது. யான், கோல மூடா மாவட்டங்களின் எல்லையில், ஒரு பக்கம் நெல்வயல், ஒரு பக்கம் கடல் என்று சமவெளியிலிருந்து திடீரென எழுந்து நிற்கும் மலை அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிற எவரும் அதைப் பார்க்காமல் கடக்க முடியாது.

கடலோரம், தனிமை, உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் இந்த மலைக்கு வரலாறு வாய்த்தது. இதே மூன்றும் சேர்ந்துதான் அதை ஆபத்தான மழை மலையாகவும் ஆக்கியிருக்கின்றன. ஏறத் திட்டமிடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகத் தெரிந்துகொள்வது நல்லது.

கப்பல்காரர்களின் அடையாளம்

1,217 மீட்டர் உயரமான ஒரு முகட்டை, வானம் தெளிவாக இருந்தால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தூரம் வரை பார்க்கலாம் என்பது பூமியின் வளைவை வைத்துப் போடப்படும் கணக்கு. திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில் வங்காள விரிகுடாவைக் கடந்து கிழக்கே வந்த மாலுமிக்கு நிக்கோபாருக்குப் பிறகு கண்ணில் படும் பெரிய அடையாளங்களில் ஒன்று இந்த மலை. ‘ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா’ என்ற பழைய மலாய் நூல் ஜெராயை ஒரு தீவாகவே, புலாவ் செராய் என்று குறிப்பிடுகிறது. கடற்கரை அப்போது இன்னும் உள்ளே இருந்தது என்பதை நினைத்தால் அந்தப் பெயர் வெறும் கற்பனை என்று தள்ளத் தோன்றாது.

மலையின் தெற்கே மெர்போக் ஆற்றைச் சுற்றியுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் துறைமுகமும் கோயில்களும் இரும்பு உருக்கும் தொழிலும் இருந்தன. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கடாரம் என்று சொல்வது இந்தக் கெடாவைத்தான் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது காழகத்திலிருந்து வந்தவற்றையும் சேர்க்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தக் காழகத்துக்குக் கடாரம் என்று பொருள் எழுதியிருக்கிறார். ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் கொடுக்கப்பட்டது. அதைப் பதிந்த செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. 1025ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்தது. கடாரங்கொண்டான் என்ற பட்டம் அதிலிருந்து வந்தது.

சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. அதனால்தானோ என்னவோ, ஜெராய் அடிவாரத்துச் சண்டிகளை ராஜேந்திர சோழன் கட்டினான் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றி வருகிறது. அப்படிச் சொல்லும் கல்வெட்டு எதுவும் அங்கே கிடைத்ததில்லை. படையெடுப்பு ஒரு தடவை நடந்தது. வணிகமும் வழிபாடும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கி அதற்குப் பிறகும் தொடர்ந்தன. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்த இரண்டாவது கதையைச் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கும், பெருமைப்பட நிறையவும் இருக்கும்.

மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியக வளாகத்தில் சண்டி புக்கிட் பத்து பாஹாட் இருக்கிறது. இது ஒரு சிவன் கோயில் என்று கருதப்படுகிறது. கருவறையும் முன்மண்டபமும் கொண்ட அமைப்பு, கருங்கல் அடித்தளம். மண்டபத்தில் தூண்கள் நின்ற கல் பாதங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மேற்கூரை மரத்தாலும் ஓலையாலும் இருந்திருக்க வேண்டும். 1930களில் குவாரிச் வேல்ஸ் இங்கே அகழாய்வு செய்தார். 1950களின் இறுதியில் அலஸ்டேர் லேம்ப் மீண்டும் ஆய்வு நடத்தி, கற்களை இடத்தில் பொருத்தினார். பக்கத்திலேயே ஓடும் அருவி நீரின் படுகையில் உளி போட்ட பாறைகளைப் பார்க்கலாம். பாஹாட் என்றால் உளி. மலாய்க்காரர்கள் இடத்துக்கு வைத்த பெயரிலேயே அந்தக் கல்தச்சர்களின் வேலை நினைவாக நிற்கிறது.

மலை உச்சியை ஒட்டியும் பழைய கட்டுமானத்தின் எச்சங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறியப்பட்டன. அது கோயிலா, கப்பல்களுக்குத் தீ மூட்டிக் காட்டிய இடமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவாக இருந்தாலும், ஆயிரம் மீட்டருக்கு மேல் கட்டுமானப் பொருளைச் சுமந்து போன ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பாதையும் இருந்திருக்கிறது. இன்றைக்கு நாம் ஏறும் காட்டுப் பாதைதான் அந்தப் பாதை என்று சொல்ல முடியாது. மலையின் மடிப்புகளும் ஓடைகளும் பெரிதாக மாறுவதில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

எந்த வழி, எவ்வளவு நேரம்

ஜெராய்க்கு மூன்று பக்கமிருந்து போகலாம். குரூண் பக்கமிருந்து தார்ச்சாலை, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலுள்ள தங்குமிடம் வரை போகிறது. யான் பக்கத்தில் தித்தி ஹாயூன் அருவியை ஒட்டிய வட்டாரத்திலிருந்து காட்டுப் பாதை உண்டு. மெர்போக் பக்கத்தில் துப்பா அருவி இருக்கிறது.

இவற்றில் எது நடுத்தரமான நடை? அடிவாரம் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக உயர வேண்டும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன ஒரு கணக்கை மலையேறிகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அவர் குளிர்ந்த நாட்டில், உடல் தேறிய ஆட்களை வைத்துப் போட்ட கணக்கு அது. நம் ஈரக் காற்றில், வேர்களும் வழுக்குப் பாறையும் நிறைந்த பாதையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து விளையாடும் ஒருவர் அதோடு பாதியையாவது கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறவே நான்கு, ஐந்து மணி நேரம் என்று வைப்பதே நியாயம். இறங்குவதும் சுலபமில்லை, முட்டி அப்போதுதான் பேசத் தொடங்கும்.

ஆகவே அடிவாரத்திலிருந்து ஏறி அதே வழியில் நடந்தே இறங்குவது நடுத்தரம் அல்ல, கடினம். முதல்முறை போகும் குழுவுக்கு ஏற்ற திட்டம் வேறு. காட்டுப் பாதையில் ஏறி, தார்ச்சாலை வழியாக வண்டியில் இறங்குவது. இதற்கு வேனையோ வாடகை வண்டியையோ முன்கூட்டியே மேலே வரச் சொல்லி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். மேலே போய் வண்டி தேடினால் பொழுது சாய்ந்துவிடும். சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம். ஓட்டுநர் கீழிறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் சிறிய கியரில் வர வேண்டும்.

தாத்தா பாட்டி, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வண்டியிலேயே மேலே போய், சுங்கை தெரோய் வட்டாரத்து நடைபாதைகளில் ஓரிரு மணி நேரம் நடக்கலாம். வனத்துறையின் அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே உண்டு. உயரம் கூடக்கூட மரங்கள் குட்டையாவதையும், மணற்பாங்கான மண்ணில் பெரியோக் கெரா எனப்படும் குடுவைச் செடிகள் பூச்சிக்காகக் காத்திருப்பதையும் பார்க்கலாம். வானம் திறந்திருந்தால் கீழே நெல்வயல் கட்டங்கள், கடல், தெற்கே பினாங்கு தெரியும். நல்ல நாளில் லங்காவியும் தெரியும். இப்படிப் போவதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. உச்சியிலேயே தொலைத்தொடர்புக் கோபுரங்களும் வேலியும்தான் இருக்கின்றன. அந்த வேலிக்குள் போகக்கூடாது. பாடாங் தோக் ஷேக் என்ற இடம் முஸ்லிம்கள் மதிக்கும் இடம். அங்கே கூச்சலும் பாட்டும் வேண்டாம்.

மழைக் கணக்கு

கடலிலிருந்து வரும் ஈரக் காற்று சமவெளியைக் கடந்து ஜெராயில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, மேகமாகிறது, கொட்டுகிறது. சுங்கை பட்டாணியில் வெயில் அடிக்கும்போது மலையின் தலையில் மழை பெய்துகொண்டிருப்பது சாதாரணம். மலையிலிருந்து கடலுக்குத் தூரம் சில கிலோமீட்டர்தான். ஓடைகள் குட்டையானவை, செங்குத்தானவை. மேலே விழுந்த மழை கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி இதுதான் நடந்தது. மலைமேல் பெய்த கனமழையில் சரிவுகள் பெயர்ந்து, பாறையும் மரமும் சேறுமாகத் தண்ணீர் யான், மெர்போக் பக்கங்களில் இறங்கியது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். தித்தி ஹாயூன், துப்பா போன்ற பொழுதுபோக்கு இடங்கள் உருக்குலைந்தன. இறந்தவர்கள் மலை உச்சியில் மாட்டிக்கொண்டவர்கள் அல்லர். ஆபத்து அடிவாரத்தைத் தேடி வந்தது. ஜெராயைப் பற்றிப் பேசும்போது பலரும் மறப்பது இதைத்தான். ஏற்றத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். ஏறி இறங்கிய களைப்பில் அருவியில் குளிக்கும்போது, பிள்ளைகள் பாறைமேல் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடும்போது, பயம் விட்டுப்போகிறது.

மலாயில் கெப்பாலா ஆயர் என்று சொல்லப்படும் இந்தத் திடீர் வெள்ளத்துக்கு அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் கலங்கும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். நீர் மட்டம் திடீரென்று ஏறும், சில நேரம் குறையவும் செய்யும். மேலிருந்து லாரி வருவதுபோல இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பையை, செருப்பை, கைபேசியை எடுக்க நிற்கக்கூடாது. ஓடை போகும் திசையில் ஓடினால் தண்ணீர் முந்திவிடும். பக்கவாட்டில் மேட்டைப் பிடித்து ஏற வேண்டும். ஓடையைக் கடந்த பிறகு நீர் ஏறிவிட்டால், திரும்பக் கடக்க முயலாமல் மேட்டிலேயே காத்திருக்க வேண்டும்.

கெடாவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் மழை கூடுதல். பருவம் மாறும் அந்தக் காலங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். தீபாவளியை ஒட்டி மலைக்குப் போக நினைக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும். புறப்படும் முந்தின இரவும் அன்று காலையும் வானிலைத் துறையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். முந்தின மூன்று நாளும் விடாமல் மழை பெய்திருந்தால், அன்றைக்கு வெயில் அடித்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் மண் ஏற்கெனவே நனைந்து கனத்திருக்கும்.

பிற்பகல் மழையைத் தவிர்க்க ஒரே வழி காலையில் சீக்கிரம் தொடங்குவது. கரங்கானிலிருந்து பாடாங் செராய், சுங்கை பட்டாணி வழியாகப் போகிறவர்கள் ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பினால் ஏழு மணி வாக்கில் நடக்கத் தொடங்கலாம். திரும்பும் நேரம் ஒன்றை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி என்று வைத்தால், பன்னிரண்டு மணிக்கு எங்கே நின்றாலும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், திரும்பிவிட வேண்டும். மலைமேல் நின்றுகொண்டு முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

பெர்மிட்டும் பொருள்களும்

ஜெராய் நிரந்தர வனக் காப்பகத்தைச் சேர்ந்தது. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். மலையேற்றத்துக்கு மாலிம் குனோங் எனப்படும் பதிவு பெற்ற வழிகாட்டியும் தேவைப்படும். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, பாதை திறந்திருக்கிறதா, கட்டணம் என்ன என்பதையெல்லாம் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். கெடாவில் வெள்ளியும் சனியும் அரசு விடுமுறை. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்துகொண்டு வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்துக்குப் போன் அடிக்கிறவர்களுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

காலணிக்காகப் பெரிய செலவு செய்யத் தேவையில்லை. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி, அடிடாஸ் கம்போங் என்று இப்போது செல்லப்பெயர் பெற்று, நாடு முழுக்க மலையேறிகளின் விருப்பமாகியிருக்கிறது. அடியில் உள்ள முள்போன்ற பிடிகள் ஈர மண்ணில் வழுக்காது, தண்ணீர் நிற்காது, விலையும் மலிவு. விலை உயர்ந்த ஓட்டக் காலணியோடு வழுக்கி விழுகிறவர்களைத் தாண்டிக்கொண்டு, தோட்டத்து மாமாமார் இதைப் போட்டுக்கொண்டு நிதானமாக ஏறிப் போவார்கள். உள்ளே நீளக் காலுறை போட்டால் தோல் உரியாது, அட்டையும் சுலபத்தில் ஏறாது. அட்டை கடித்தால் பயப்படாமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுத்துவிடலாம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர். ஓடை நீரை அப்படியே குடிக்கக்கூடாது; எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இப்படியும் வரலாம். மழைக்கோட்டு, தலைவிளக்கு, விசில், மாற்றுச் சட்டை ஒன்று. மேலே கீழேயைவிட ஆறு, ஏழு பாகை குளிர் கூடுதல், வியர்வையில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்தால் நடுக்கம் வரும். காட்டுக்குள் ஆறரை மணிக்கே இருட்டிவிடும் என்பதால் தலைவிளக்கு பகல் பயணத்துக்கும் வேண்டும்.

இன்னொன்று, நம்மவர்கள் கூச்சப்பட்டு மறைக்கும் விஷயம். நாட்டின் சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே அதிகமாகவே பதிவாகி வந்திருக்கிறது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் காலையில் மருந்தைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, நான்கு மணி நேரம் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, குளுக்கோஸோ மிட்டாயோ சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கூட வருகிறவர்களில் ஒருவருக்காவது இவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்திருப்பது. இதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான்.

உடம்பைச் சோதித்துப் பார்க்க கரங்கான்காரர்கள் தூரம் போக வேண்டாம். பக்கத்தில் சுங்கை செடிம் இருக்கிறது. மர உச்சி நடைபாலத்துக்காக வெளியூர்க்காரர்கள் தேடி வரும் இடம். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு, பையில் அதே எடையோடு அந்தப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நடந்து பார்த்தால், குழுவில் யார் பின்தங்குவார் என்பது தெரிந்துவிடும். அவர்தான் அன்றைய வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர். முன்னால் ஓடுகிறவர் அல்லர். கடைசியில் வருவதற்கு அனுபவமுள்ள ஒருவரைப் போட்டு, அவருக்குப் பின்னால் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர்ப் பட்டியல், வண்டி எண், திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் போன் வரவில்லையென்றால் அவர் 999க்கு அழைக்க வேண்டும்.

இறங்கிய பிறகு

நடை முடிந்து நேரமிருந்தால் மெர்போக் அருங்காட்சியகத்தைத் தவறவிடக்கூடாது. களைத்திருப்போம் என்று தோன்றினால் முந்தின நாளே பார்த்துவிடலாம். கல், செங்கல், ஓடு எதையும் நினைவுப் பொருளாக எடுக்கக்கூடாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் அதற்குத் தண்டனை வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்தின் கை எல்லா இடத்துக்கும் எட்டவில்லை. 2013இல் இந்தப் பள்ளத்தாக்கில் தளம் 11 என்று எண்ணிடப்பட்ட சண்டி, தனியார் நிலத்தில் மேம்பாட்டு வேலை நடந்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. அது பாதுகாக்கப்பட்ட இடமாக அரசாங்கப் பதிவேட்டில் அறிவிக்கப்படாமலே இருந்தது. செய்தி வெளியே வந்தபோது கற்கள் போய்விட்டிருந்தன. செம்பனைத் தோட்டங்களுக்குள்ளும் வீட்டுக் கொல்லைகளுக்குப் பக்கத்திலும் இப்படிப்பட்ட மேடுகள் இன்னும் இருக்கக்கூடும். வேலைக்கிடையில் பழைய செங்கல் வரிசையோ செதுக்கிய கல்லோ கண்ணில் பட்டால், தோண்டாமல், இடத்தைப் படம் எடுத்து, மெர்போக் அருங்காட்சியகத்துக்கோ மரபுடைமைத் துறைக்கோ தெரிவிக்கலாம்.

திரும்பும் வழியில் பீடோங் வருகிறது. அதன் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்துதான் போருக்குப் பின் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பி, கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. 1947இல் அந்தக் கொந்தளிப்பு கரங்கான் வட்டாரத்து டப்ளின் தோட்டம் வரை வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளி ஒருவர் உயிர் இழந்தார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கடாரத்துக்குப் பெயர்ப்பலகையும் அருங்காட்சியகமும் உண்டு. எண்பது ஆண்டுகூட ஆகாத இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள, வேனில் வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.